மாத்தளையிலிருந்து பாத்திமா நகர் வரை: பிரேமானந்தாவுக்குப் பக்தர்கள் சேர்ந்த கதை

பிரேமானந்தா என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது 1990களின் நடுப்பகுதியில் நாளிதழ்களை நிரப்பிய பாத்திமா நகர் ஆச்சிரம வழக்கு. மாத்தளையில் கதை அங்கிருந்து தொடங்குவதில்லை. அவர் மாத்தளையில் பிறந்தவர். முதல் ஆச்சிரமத்தை அமைத்ததும் அங்கேதான், அது தீக்கிரையானதும் அங்கேதான். தண்டனைக் கைதியாகவே இறந்து நீண்ட காலம் ஆகிவிட்ட ஒருவரை இன்றும் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். சனங்கள் முட்டாள்கள், அல்லது சாமியார் கெட்டிக்காரர். இரண்டுமே யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் பதில்கள்.

1951 நவம்பர் 17ஆம் திகதி பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் பிரேம்குமார். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்த மலைநாட்டு ஊர்களில் மாத்தளை முக்கியமானது. கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைப் பற்றிப் பேசும்போது அந்த வழிநடையையும் சேர்த்தே பேசுவார்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் ஊர் அது. சாமி கும்பிடுவது அங்கே வீட்டுக்குள் முடிந்துவிடும் காரியமல்ல. தெருவில், ஊர் பார்க்க நடப்பது.

அந்த ஊரில் பிரேம்குமார் வளர்ந்த வருடங்கள் மலையகத்துக்கு நிம்மதியான வருடங்கள் அல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கி இருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வரும், இன்னொருவர் லயத்திலேயே காத்திருப்பார். 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977இல் கலவரம். யாரை நம்புவது என்ற கேள்வி அங்கே தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை.

இளைஞன் பிரேம்குமார் சுவாமி பிரேமானந்தாவாக மாறியதற்குப் பக்தர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. பதின்ம வயதில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ காவி உடை தோன்றி அவர் மேல் போர்த்திக்கொண்டது என்பார்கள். பிறகு கையிலிருந்து விபூதி வந்தது. மகா சிவராத்திரி இரவில் வாயிலிருந்து லிங்கம் வந்தது. இவற்றில் எதுவும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. புட்டபர்த்தி சத்திய சாயி பாபா இதே விபூதியாலும் இதே சிவராத்திரி லிங்கத்தாலும் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றிருந்தார். இலங்கையிலும் அவருக்குப் பெருந்தொகையான பக்தர்கள் இருந்தார்கள். சாமியார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பார்க்க வந்தவர்களின் மனதில் முன்கூட்டியே இருந்தது. பழக்கப்பட்ட பாத்திரத்தில் புதியவர் ஒருவர் வந்து நின்றார். புதிய மதக் குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. முற்றிலும் புதியதாக இருந்தால் யாருக்கும் விளங்காது. முழுதும் பழையதாக இருந்தால் கோயில் ஐயரே போதும்.

அற்புதங்களைச் சோதிக்க ஆளில்லாத காலமும் அல்ல அது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஏப்ரகாம் கோவூர், ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக அறிவித்துவிட்டு 1978இல் இறக்கும்வரை காத்திருந்தார். பணம் அவரிடமே இருந்தது. ஆனால் சாமியார்கள் குறையவில்லை. கோவூரின் சவால் அற்புதத்தைப் பற்றியது. சனங்களைப் பிடித்து வைத்திருந்ததோ வேறொன்று.

அது என்னவென்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஜோன் லொஃப்லாண்ட், ரொட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள், கொரியாவின் சன் மியுங் மூனுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் சீடர்களோடு நெருங்கிப் பழகி 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போதனையைக் கேட்டு, யோசித்து, ஏற்றுக்கொண்டு சேர்ந்தவர்கள் என்று பார்த்தால் ஆளே தேறவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவரோடு நட்போ பாசமோ ஏற்பட்டு, வெளியே இருந்த உறவுகள் தளர்ந்திருந்தவர்களே நிலைத்து நின்றார்கள். நம்பிக்கை பின்னால் வந்தது. மாக்ஸ் வெபர் சொன்ன வசீகர ஆளுமையும் இப்படித்தான். அது ஒரு மனிதரின் சட்டைப்பையில் இருக்கும் பொருளல்ல, சுற்றியிருப்பவர்கள் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பது.

மாத்தளையில் பிரேமானந்தா விபூதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆச்சிரமம் அமைத்து ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்தார். சோறு போட்டார், படிக்க வைத்தார். அது வெறும் வேஷம் என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளைகளுக்குப் பசி உண்மையாக இருந்தது, போட்ட சோறும் உண்மை. அரசு செய்யாத வேலையை ஒருவர் செய்தால் அவரை ஊர் மதிக்கும். காவி உடுத்துக்கொண்டு செய்தால் கும்பிடும். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கியபோதும் அடுப்பைத்தான் முதலில் மூட்டினார். இருவரையும் ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளலார் அணையா அடுப்பை வைத்துவிட்டுத் தன்னை வணங்க வேண்டாமென்றார். இங்கே அடுப்பும் வணக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

1983 ஜூலையில் மாத்தளையும் எரிந்தது. தமிழர் கடைகளும் வீடுகளும் போயின. ஆச்சிரமமும் போனது. அடுத்த வருடம் பிரேமானந்தா தன் பிள்ளைகளில் சிலரோடும் நெருங்கிய சீடர்களோடும் தமிழ்நாட்டுக்குப் போனார். அவர்கள் மட்டும் போகவில்லை. 1983க்கும் 1987க்கும் இடையில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் அகதிகளாகக் கடல் கடந்தார்கள். அவர்களுள் தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளையையாவது எங்காவது படிக்க விடலாம் என்று தேடிய பெற்றோரும் இருந்தார்கள். மண்டபம் முகாமின் ஒற்றை அறையையும், நம் ஊர்ச் சுவாமி நடத்தும் ஆச்சிரமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தாய் எதைத் தெரிவு செய்வாள் என்று கேட்கவே தேவையில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையை விடுதிக்கோ, மடத்துக்கோ, தெரிந்தவர் வீட்டுக்கோ அனுப்பிய குடும்பங்கள் இதை வாசிப்பவர்களிலும் இருக்கும்.

முதலில் புதுக்கோட்டையில் இருந்தார்கள். 1989இல் திருச்சி - புதுக்கோட்டை வழியில் பாத்திமா நகரில் 150 ஏக்கரில் புதிய ஆச்சிரமம் எழுந்தது. ஆறே வருடத்தில் எரிந்த இடத்திலிருந்து 150 ஏக்கருக்கு வருவதென்றால் பின்னால் பணம் இருந்திருக்க வேண்டும். பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளில் கிளைகள் இருந்தன. ஐரோப்பியர்களும் வந்தார்கள், புலம்பெயர்ந்த தமிழர்களும் வந்தார்கள், கொழும்பின் படித்த வட்டங்களிலிருந்தும் வந்தார்கள். நீதிபதிகள், வைத்தியர்கள், அதிகாரிகள். ஒரு பெரிய மனிதர் வந்து போனால் அடுத்தவருக்கு அதுவே அத்தாட்சி.

இங்கே இரண்டு விதமான ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியினர் மனத்தேவைக்காக வந்தவர்கள். சிவராத்திரிக்கு வருவார்கள், லிங்கம் பார்ப்பார்கள், அழுவார்கள், மனம் லேசாகித் திரும்பிப் போவார்கள். விருப்பமில்லாவிட்டால் அடுத்த வருடம் வராமல் விடலாம். இன்னொரு பகுதியினர் அந்த வளவுக்குள்ளேயே வாழ்ந்த பிள்ளைகள். அவர்களுக்குப் போக இடமில்லை. இந்தியா 1951இன் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடாத நாடு. அகதிக்கு அங்கே உரிமை என்று எதுவும் எழுத்தில் இல்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, ஈழத்தமிழ் உச்சரிப்போடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போவதே பயப்பட வேண்டிய விஷயமானது. அப்பா என்று கூப்பிடும் ஆளே குருவாகவும் தெய்வமாகவும் சோறு போடுகிறவராகவும் இருக்கும்போது, ஒரு பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை யாரிடம் போய் யாரைப் பற்றி முறையிடும்?

1994இல் ஆச்சிரமத்திலிருந்து தப்பி வெளியே வந்தவர்கள் பேசினார்கள். அதன் பின்தான் பொலிஸ் உள்ளே போனது. ஆச்சிரம நிலத்தைத் தோண்டியபோது ஓர் ஆணின் உடல் எச்சங்கள் கிடைத்தன. இலங்கையிலிருந்து வந்து அங்கேயே வாழ்ந்த இளைஞர் அவர். பிரேமானந்தாவும் அவருடைய நெருங்கிய சீடர்கள் சிலரும் கைதானார்கள். பதின்மூன்று பெண்பிள்ளைகளைப் பாலியல் வன்புணர்வு செய்தது, அந்த இளைஞரைக் கொன்றது என்பன முக்கியக் குற்றச்சாட்டுகள்.

வழக்கில் சிறுமிகளின் சாட்சியத்தோடு இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. கர்ப்பமான ஒரு பிள்ளைக்குச் செய்யப்பட்ட கருக்கலைப்பின் மாதிரியை ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார். தகப்பன் பிரேமானந்தாதான் என்று முடிவு வந்தது. எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிபுணரைக் கொண்டுவந்து அதை மறுக்கப் பார்த்தது, எடுபடவில்லை. விபூதி வந்த கையைக் கோவூரின் ஒரு இலட்சம் ரூபாய் சோதிக்க முடியாமல் போனது. ஓர் ஆய்வுகூடம் வேறொன்றைச் சோதித்துச் சொன்னது.

1997 ஓகஸ்ட் 20ஆம் திகதி புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர்.பானுமதி தீர்ப்பளித்தார். இரட்டை ஆயுள் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும். அறுபது இலட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம். சீடர்களுக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் 2002 டிசம்பரிலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2005 ஏப்ரலிலும் அதை உறுதி செய்தன. மேன்முறையீட்டில் ராம் ஜெத்மலானி போன்ற பெரிய சட்டத்தரணியே அவருக்காக வாதாடினார். ஆக, வாதாட ஆளில்லாமல் தண்டிக்கப்பட்டார் என்று சொல்ல இடமில்லை. பானுமதி பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். டெல்லி நிர்பயா வழக்கின் மேன்முறையீட்டை விசாரித்த அமர்விலும் இருந்தார்.

பிரேமானந்தா 2011 பெப்ரவரி 21ஆம் திகதி, 59 வயதில், தண்டனைக் காலத்திலேயே நோயால் இறந்தார்.

மூன்று நீதிமன்றங்களும் மரபணுவும் சொன்ன பிறகு பக்தர்கள் கலைந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். சிலர் கலைந்தார்கள். பலர் நின்றார்கள். எல்லாம் சதி, பொலிஸ் பிள்ளைகளை மிரட்டிச் சொல்ல வைத்தது, சுவாமி நமக்காகத் துன்பத்தை ஏற்றுக்கொண்டார் என்பது அவர்கள் தரப்பு. லெயோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1956இல் வெளியிட்ட நூலில், உலகம் அழியும் என்று நாள் குறித்துக் காத்திருந்த ஒரு சிறு குழுவைப் பற்றி எழுதினார். நாள் கடந்தது, உலகம் அழியவில்லை, குழுவின் மையத்தில் இருந்தவர்கள் முன்பைவிட உறுதியானார்கள். பல வருடங்களை, பணத்தை, உறவுகளை ஓரிடத்தில் கொட்டியவருக்கு அது பொய் என்று ஒப்புக்கொள்வது, அந்த வருடங்களை எல்லாம் தானே எரித்துவிடுவது போல. துன்பப்படும் குரு என்ற படிமம் நம் மரபிலும் கிறிஸ்தவ மரபிலும் தயாராகவே இருக்கிறது. சிறைக்கதவு அதற்குள் எளிதாகப் பொருந்திவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்தர்களில் பலர் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த பிரேமானந்தா அன்பாகப் பேசியவர், பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். அவர்கள் முதல் பகுதியைச் சேர்ந்தவர்கள். வாசலால் வந்து வாசலால் போனவர்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நடந்ததை அவர்கள் பார்க்கும்படி அந்த இடம் அமைந்திருக்கவில்லை. தான் பார்த்ததை மட்டும் முழு உண்மையாகக் கொள்வதும், பிள்ளைகள் சொன்னதை அதற்கு எதிரான அவதூறாகக் கொள்வதும்தான் பிசகு.

அந்தப் பிசகு சாதாரண பக்தர்களோடு நிற்கவில்லை. இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசரும் வடமாகாண முதலமைச்சராக இருந்தவருமான சி.வி.விக்னேஸ்வரன் தான் பிரேமானந்தாவின் பக்தர் என்பதை மறைத்ததில்லை. முதலமைச்சராக இருந்தபோது, அதே வழக்கில் தண்டனை அனுபவித்துவந்த சீடர்களை விடுதலை செய்யுமாறு இந்தியப் பிரதமர் நரேந்திர மோடிக்கு எழுதினார். அது பெரும் சர்ச்சையானது. நம்பிக்கை அவரவர் உரிமை, அதில் கேள்வி இல்லை. ஆனால் போரால் பாதிக்கப்பட்ட மக்களின் வாக்கில் கிடைத்த பதவியின் கடிதத்தாள் அது. பாத்திமா நகர்ப் பிள்ளைகளும் அதே மக்களின் பிள்ளைகள்தான்.

2009க்குப் பிறகு வன்னியிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ புதிய சபைகள், தியான நிலையங்கள், அம்மாக்கள், சுவாமிகள். பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி அரசாங்கம் வாயே திறக்காதபோது, அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒருவர் கண்ணை மூடிச் சொன்னால் தாய் அங்கேதான் போவாள். அவளிடம் மூடநம்பிக்கை பற்றி வகுப்பெடுப்பதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை: அங்கே பிள்ளைகள் தங்குகிறார்களா, அவர்களைப் பார்க்க வெளியாட்கள் போக முடியுமா, பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் பேச முடியுமா, சிறுவர் நன்னடத்தைப் பிரிவில் அந்த இல்லம் பதிவாகி இருக்கிறதா, கணக்கு யார் பார்க்கிறார்கள்.

பாத்திமா நகரில் ஆச்சிரமம் இன்றும் இருக்கிறது. பிரேமானந்தாவின் சமாதி அங்கேதான். சிவராத்திரிக்குப் பூசை நடக்கிறது. 1994இல் வெளியே வந்து வாய் திறந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும்.