ஸ்வெர்ட்ரூப் என்னும் கடல்நூற் புலவர்

நம் பரங்கிப்பேட்டைக் கரையில் வலைஞர் இழுக்கும் மீன்களுக்கெல்லாம் முதலுணவு யாது? கண்ணுக்குப் புலனாகாமல் கடல்நீரில் மிதக்கும் நுண்செடிகளேயாம். நிலத்துக்குப் புல் எவ்வாறோ, கடலுக்கு இவை அவ்வாறு. அறிஞர் இவற்றைத் தாவர மிதவையுயிர்கள் என்பர். குளிர்காலத்து இருளிலும் கொந்தளிப்பிலும் இவை பிழைத்துப் பெருகுவது எங்ஙனம் என்று ஆராய்ந்த ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

ஹரால்டு உல்ரிக் ஸ்வெர்ட்ரூப் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். வானிலை நூலில் பேர்பெற்ற பியர்க்னஸ் என்பாரிடம் பயின்றார். 1918-இல் அமுண்ட்சென் வடதுருவக் கடலுக்குக் கப்பலேறியபோது, விஞ்ஞானத் தலைவராக உடன் சென்றார். அப்பயணம் 1925 வரை நீண்டது. கப்பல் பனியில் உறைந்து நின்ற காலத்தும் அவர் வாளாவிருந்திலர். சைபீரியாவில் பனிமான் மேய்க்கும் சுக்சி மக்களோடு வாழ்ந்து அவர்தம் வழக்கங்களை அறிந்தார்.

1936 முதல் 1948 வரை கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராயிருந்தார். 1942-இல் ஜான்சன், பிளெமிங் என்னும் இருவருடன் கூடிச் சமுத்திரங்களைப் பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலொன்றை வெளியிட்டார். யுத்த காலத்தில் தம் மாணாக்கர் வால்டர் மங்க் என்பவரோடு அலைகளின் உயரத்தை முன்னறியும் முறையை வகுத்தார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, நார்வே துருவ ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார்.

1953-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே நாம் கருதிய பொருள். குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும்; புயற்காற்றும் அதனைக் கலக்கும். நுண்செடிகள் நீரோடு ஆழத்து இருளுக்குச் சென்று மீளும். அவற்றுக்கு வரவு ஒளியுள்ள இடத்திலேயே உண்டு. சுவாசத்தால் நேரும் செலவோ எங்கும் எப்போதும் உண்டு. கலங்கும் நீரின் ஆழம் ஓரெல்லையைக் கடப்பின் செலவு வரவை விஞ்சும், செடிகள் பெருகா. வேனிற்கதிர் மேல்நீரை வெதுப்பிக் கலக்கத்தின் ஆழத்தைக் குறைத்தபின், அவை பெருகும். நார்வீஜியக் கடலில் நின்ற வானிலைக் கப்பலொன்றில் 1949-இல் எடுத்த அளவுகளைக் கொண்டு இதனை அவர் சோதித்தார். செடிகளைப் பட்டினியிடும் அக்கலக்கமே அடிநீரிலுள்ள உப்புச்சத்துக்களை மேலே கொணர்ந்து, வேனிற்கால விளைவுக்கு உரமிடுகின்றது என்பது வியக்கத்தக்கது.

இக்கொள்கை மறுப்பின்றி நிலைபெறவில்லை. கலக்கம் மிக்க நடுக்குளிரிலேயே பெருக்கம் தொடங்குகின்றது என்றும், செடிகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் அப்போது பரந்த நீரில் சிதறுண்டு இரை காணாமையே காரணம் என்றும் 2010-இல் பெரன்பெல்டு என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். வழக்கு இன்னும் முற்றவில்லை. ஆயினும் இரு திறத்தாரும் ஸ்வெர்ட்ரூப் வகுத்த கணக்கினின்றே வாதத்தைத் தொடங்குகின்றனர்.

நம் கடலில் பனிக்காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஒளியை மறைக்க, வெள்ளாறு சேற்றுநீரைக் கொணர்கின்றது. அக்காலத்தில் நுண்செடிகள் குறைந்து கோடையில் மிகுவதை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பரங்கிப்பேட்டை நிலையத்தார் கண்டுள்ளனர். வங்கக் கடலிலோ, பேராறுகளின் நன்னீர் இலேசாகையால் மேலே மூடிபோலப் படர்ந்து, கலக்கத்தைத் தடுத்து, அடிநீரின் உரத்தை மேலெழவொட்டாது செய்கின்றது. வடகடலில் கலக்கம் மிகுதல் குறை. இங்கே அது குறைதலே குறை.

1957 ஆகஸ்டு 21-ஆம் நாள் ஸ்வெர்ட்ரூப் ஆஸ்லோ நகரில் காலமானார். வினாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் நீரோட்டத்தை ஓர் அலகாகக் கொண்டு அதற்கு அவர் பெயரையே இட்டு வழங்குகின்றனர். நம் கரையின் வரவுசெலவையும் ஆண்டுதோறும் அளந்து எழுதும் இளைஞர் நம்மிடையே பலர் தோன்றுவாராக.