அகராதி கண்ட ஜான்ஸன்

ஆங்கில பாஷை பயிலும் நமது இளைஞர்கள், அருஞ்சொற்களையும் அவற்றின் பொருள்களையும் ஜாபிதாவாக எழுதிவைத்து நெட்டுருச் செய்வது வழக்கமாயிருக்கின்றது. பரீக்ஷை முடிந்தவுடன் அவற்றுட் பெரும்பாலன மறந்து போவதும், எஞ்சிய சிலவற்றையும் இடமறிந்து வழங்க இயலாமற் போவதும் பெற்றோர் யாவரும் அறிந்ததே. ஒரு சொல்லின் பொருளை அறிவதென்பது யாது என்னும் ஒரு வினாவிற்கு விடை காண்பதிலேயே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் என்பவர். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைகின்றோம்.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி லிச்பீல்டு என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் ஒரு புத்தக வியாபாரி. அவ்வியாபாரம் வரவரக் க்ஷீணித்து வந்தது. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றியமையால் ஜான்ஸனுக்குக் கண்பார்வை குன்றியது, வடுக்களும் நிலைத்தன. ஆயினும் தந்தையின் கடையிலிருந்த நூல்களை அவர் கைக்குக் கிடைத்தவாறெல்லாம் வாசித்து வந்தார். 1728-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையைச் சேர்ந்த பெம்புரோக் கலாசாலையிற் புகுந்தார். பொருள் முட்டுப்பாட்டால் சுமார் பதின்மூன்று மாதங்களில், பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. அங்கே அவர் கிழிந்த பாதரக்ஷையோடு திரிவது கண்டு இரங்கிய ஒருவர், புதிய ஜோடு ஒன்றை அவரது அறைவாயிலில் வைத்துச் சென்றாராம். ஜான்ஸனோ மானம் பொறாது அதனை வீசியெறிந்தார் என்பர்.

1735-ஆம் ஆண்டில் எலிஸபெத் போர்ட்டர் என்னும் அம்மையாரை மணந்து, எடியல் என்னும் ஊரில் ஒரு பாடசாலை தொடங்கினார். மாணாக்கர் மிகச் சிலரே வந்தமையால் அது நிலைபெறவில்லை. அம்மாணாக்கருள் ஒருவரும், பிற்காலத்தில் நடிகர் திலகமாய் விளங்கியவருமாகிய டேவிட் காரிக் என்பவருடன் 1737-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரம் அடைந்து, பத்திரிகைகளுக்கு எழுதிச் ஜீவனம் செய்து வந்தார்.

இங்கே ஆங்கில அகராதிகளின் அக்கால நிலையை அறிதல் வேண்டும். ராபர்ட் காட்ரி என்பவர் 1604-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியில் ஏறக்குறைய 2,500 சொற்களே இருந்தன, அவையும் அருஞ்சொற்களே. யாவரும் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டுவதில்லை என்பது அக்காலத்தார் கருத்து. பின்வந்த அகராதிகள் சொற்றொகையிற் பெருகின. ஆனால் பொருள் விளக்கத்திற் குறைவுடையனவாகவே இருந்தன. இக்குறையை நீக்க விரும்பிய லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒருங்கு கூடி, 1746-ஆம் ஆண்டில் 1,500 கினி தருவதாக ஜான்ஸனோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சு தேசத்தில் ஒரு வித்வத் சபை முழுவதும் பல்லாண்டு உழைத்துச் செய்த காரியத்தை, மூன்று ஆண்டில் முடிப்பதாக இவர் ஏற்றுக்கொண்டார்.

கப் ஸ்குவேர் என்னும் இடத்திலிருந்த தம் வீட்டு மேன்மாடத்தில் அறுவர் எழுத்தாளரை அமர்த்திக்கொண்டு வேலை தொடங்கினார். ஷேக்ஸ்பியர், மில்டன், பேகன், டிரைடன் முதலிய நல்லாசிரியர்களின் நூல்களை முதலில் அவரே வாசிப்பார். ஒரு சொல் அதன் பொருள் விளங்குமாறு ஆளப்பட்டிருக்கும் இடத்தைப் பென்ஸிலாற் குறித்து, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் இடுவார். எழுத்தாளர் அவ்வாக்கியத்தைத் தனித்தாளிற் பெயர்த்தெழுதுவர். இவ்வாறு சேர்ந்த வாக்கியங்களை அருகருகே வைத்து நோக்கிய பின்னரே, அச்சொல்லுக்கு எத்துணைப் பொருள்கள் உண்டென்று வரையறுப்பார். முதலிற் பொருள், பிறகு வழக்கு என்பதன்று அவர் முறை. வழக்கினின்றே பொருளைக் கண்டார்.

இம்முறையால் ஓர் உண்மை புலனாயிற்று. நீண்டு ஒலிக்கும் அருஞ்சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே இருந்தது. அவற்றை விளக்குதல் எளிதாயிற்று. சிறுவரும் அறிந்த சிறு சொற்களோ பெருந்துன்பம் விளைத்தன. எடுத்தல் என்னும் பொருள்படும் 'டேக்' என்ற வினைச்சொல் ஒன்றிற்கு மட்டும் 134 பொருள்களை அவர் பிரித்துக் காட்ட நேர்ந்தது.

மூன்றாண்டு என்ற வேலை நீண்டுகொண்டே சென்றது. முதலில் மேற்கொண்ட எழுதுமுறை இடையிற் பயன்படாமற் போகவே, அதனை மாற்ற வேண்டியதாயிற்று. 1752-ஆம் ஆண்டில் அருமை மனைவியாரும் காலமானார். தொடக்கத்தில் ஆதரவு நாடிச் சென்றபோது பாராமுகமாயிருந்த செஸ்டர்பீல்டு பிரபு, நூல் முடியும் தறுவாயில் அதனைப் புகழ்ந்து எழுதினார். 1755-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான்ஸன் அவருக்கு ஒரு கடிதம் வரைந்து, காலங்கடந்த அவ்வாதரவு தமக்கு வேண்டாமென மறுத்துவிட்டார். பட்டமின்றி அனுப்பிய ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலை அவ்வாண்டிலேயே எம். ஏ. பட்டம் அளித்தது. 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி, ஏறக்குறைய 42,000 சொற்களும் 1,14,000 மேற்கோள்களும் அடங்கிய அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

புகழ் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை. அடுத்த ஆண்டிலேயே சிறு கடனுக்காக அவர் கைது செய்யப்பட, நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டார். 1762-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆண்டொன்றுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் வழங்கிய பின்னரே வறுமை நீங்கியது. குதிரைக் காலின் ஒரு பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு அகராதியிற் பிழையாகப் பொருள் எழுதியது ஏன் என்று ஓர் அம்மையார் வினவியபோது, தம் அறியாமையே காரணமென்று தயங்காது கூறினாராம். 1784-ஆம் ஆண்டு டிஸம்பர் 13-ஆம் தேதி காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. புதிய சொல்லொன்று எதிர்ப்பட்டால் அதனைத் தனியே பிடுங்கி ஜாபிதாவில் நடாமல், அது நின்ற வாக்கியத்தோடு குறித்துக்கொள்க. வேறொரு நூலில் அதனை மீண்டும் கண்டால் அவ்வாக்கியத்தையும் அதன்கீழ் எழுதுக. மூன்று நான்கு வாக்கியங்கள் சேர்ந்தபின், பொருளைத் தாமே எழுதிப் பார்த்து, அதன்பின் அகராதியைத் திறந்து ஒப்பிடுக. அறிந்தனவாக எண்ணும் சிறு சொற்களையும் இவ்வாறே சோதித்தல் நன்று. இதற்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்ஸிலும் பொறுமையுமே. ஏழைப் புத்தக வியாபாரியின் மகனிடத்தில் முதற்கண் இருந்த மூலதனமும் இதனின் மிக்கதன்று.