ஹாம்பர்க்கில் பாக் வாசித்த நாள்

மேலை இசை வரலாற்றைப் புரட்டும் எவரும் யோகான் செபாஸ்டியன் பாக் என்ற பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. பாடல்கள் இயற்றிய மேதை என்றே இன்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால், அவர் வாழ்ந்த நாளிலே ஜெர்மானியர் அவரை ஓர் ஆர்கன் வித்வானாகவே பெரிதும் கொண்டாடினர். அந்த ஆர்கன் கலைஞரைப் பற்றியும், அவர் ஹாம்பர்க் நகரிலே வாசித்த ஒரு நாளைப் பற்றியும் இங்கே எழுத விழைகிறேன்.

ஆர்கன் என்றதும் நம்மில் பலருக்கு ஹார்மோனியமே நினைவுக்கு வரும். வீட்டிலே ஒரு பழைய ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு சரளி வரிசையோடு மல்லுக்கட்டும் எனக்கும் அப்படித்தான் வந்தது. காற்றால் ஒலிப்பது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒப்புமை மிகக் குறைவு. பெரிய தேவாலய ஆர்கனிலே ஆயிரக்கணக்கான குழல்கள் உண்டு. காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலோ மரத்தாலோ செய்யப்பட்டவை அவை. அவற்றுள் நெடியது 32 அடி உயரம் நிற்கும். கைக்கென மூன்று நான்கு கட்டை வரிசைகள் படிப்படியாக அமைந்திருக்க, காலுக்கென மற்றொரு வரிசை கீழே இருக்கும். பக்கத்துக் குமிழ்களை இழுத்தால் குழல் அணிகள் மாறி, ஒலியின் நிறமே மாறிவிடும். மின்சாரம் இல்லாத அந்நாளிலே துருத்திகளை மிதிப்பதற்குத் தனியே ஆட்கள் வேண்டும். அவர்கள் ஓய்ந்தால் வித்வானும் ஓய வேண்டியதுதான்!

பாக் 1685ஆம் ஆண்டு ஐசனாக் என்னும் ஊரிலே இசைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பத்து வயது நிரம்புவதற்குள் தாயும் தந்தையும் மறைந்தனர். ஓர்ட்ரூப் நகரில் ஆர்கன் வாசித்து வந்த அண்ணன்தான் அவரை வளர்த்தார். அண்ணன் பூட்டி வைத்திருந்த இசைச் சுவடியை அலமாரிக் கம்பிகளின் வழியே கைவிட்டு எடுத்து, நிலவொளியிலே ஆறு மாத காலம் படியெடுத்தார் சிறுவன் பாக் என்றும், அதைக் கண்டுகொண்ட அண்ணன் அந்தப் படியைப் பறித்துக்கொண்டார் என்றும் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த இரங்கலுரை கூறுகிறது. பதினெட்டாம் வயதில், 1703இல், ஆர்ன்ஸ்டட் நகரத்துத் தேவாலயத்திலே ஆர்கன் வேலை கிடைத்தது. இரண்டாண்டு கழித்து, லூபெக் நகரில் வாழ்ந்த முதுபெரும் கலைஞர் புக்ஸ்டஹூடவின் வாசிப்பைக் கேட்க நான்கு வார விடுப்பிலே புறப்பட்டார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு. நடந்தே சென்றார் என்பர். நான்கு வாரம் நான்கு மாதமாகியது. திரும்பி வந்தவரை மேலிடத்தார் நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டனர். வேலை போய்விடவில்லை.

பின்னர் மூல்ஹவுசன், வைமார் ஆகிய ஊர்களிலே பணியாற்றிவிட்டு, 1717இல் கோதன் சிற்றரசரின் அவைக்கு இசைத் தலைவரானார். அரசர் இசைப் பித்தர், சம்பளத்துக்கும் குறைவில்லை. ஆனால் அங்கிருந்த சமய மரபு வழிபாட்டிலே விரிவான இசைக்கு இடம் தரவில்லை. அதனால் பெரிய ஆர்கன் ஒன்றின் முன் அமரும் வாய்ப்பு அருகியது. 1720 கோடையிலே அரசரோடு வெளியூர் சென்றிருந்த பாக், வீடு திரும்பியபோது மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. தாயற்ற குழந்தைகள் நால்வர்.

அவ்வாண்டு நவம்பரிலேதான் அவர் ஹாம்பர்க் சென்றார். அங்குள்ள புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் பதவி காலியாகியிருந்தது. அறுபது குழல் அணிகள் கொண்ட அந்த ஆர்கன், ஷ்னிட்கர் என்னும் பெருங்கைவினைஞர் 1693இல் முடித்துத் தந்தது. அந்த முறை நகரில் பாக் வாசித்துப் புகழ் கொண்டதோ மற்றோர் ஆலயத்திலே, புனித கத்தரீன் ஆலயத்து ஆர்கனில். நகரத்துப் பெரியோர் கூடியிருந்தனர். அந்த ஆலயத்தில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்து வந்த ரைன்கனும் அமர்ந்திருந்தார். அவருக்கு அப்போது 97 வயது என்று பழைய நூல்கள் எழுதும். 77தான் என்று இக்கால ஆய்வாளர் கணக்கிடுவர். எப்படியும் முதியவர், எளிதில் பிறரைப் பாராட்டாதவர் என்று பெயர் வாங்கியவர். மாணவப் பருவத்திலே இவர் வாசிப்பைக் கேட்பதற்காகவே ஹாம்பர்க் வந்துபோனவர் பாக்!

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பு நடந்தது. பாபிலோன் நதிக்கரையிலே நாடிழந்தோர் அழுததைப் பாடும் ஒரு துதிப்பாட்டின் மெட்டை விரித்து வாசிக்குமாறு அவையோர் கேட்டனர். முன்னேற்பாடு ஏதுமில்லை. நம் வித்வான்கள் ஒரே வரியை நிரவல் செய்வது போல, அந்த ஒரு மெட்டையே ஏறத்தாழ அரை மணி நேரம் பலவாறு விரித்தார் பாக். அதே மெட்டுக்கு ரைன்கன் தம் இளமையிலே பெரியதொரு விரிவு எழுதியிருந்தார். கேட்டு முடித்த கிழவர், அழிந்துபோய்விட்டதென்று தாம் நினைத்திருந்த கலை பாக்கிடத்தே உயிரோடிருப்பதைக் கண்டதாகச் சொல்லி, அவரைத் தம் இல்லத்துக்கும் அழைத்தார்.

இவ்வளவு நடந்தும் பதவி கிடைத்ததா? இல்லை. தேர்வு நாளுக்கு முன்பே பாக் கோதன் திரும்ப நேர்ந்தது. ஆலயக் குழுவினர் அவருடைய கடிதத்துக்காகக் காத்திருந்தனர். இறுதியில் டிசம்பரிலே ஹைட்மன் என்பவர் தேர்வு பெற்றார். அவர் ஆலய நிதிக்குக் கொடுத்த தொகை 4000 மார்க். பாக்கின் கடிதத்திலே என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. அந்த ஆலயத்துப் போதகர் நாய்மைஸ்டர் கொதித்துப் போனார். பெத்லகேமிலே பாடிய தேவதூதனே இறங்கி வந்து வாசித்தாலும், கையிலே காசில்லையேல் பறந்துபோக வேண்டியதுதான் என்னும் கருத்துப்பட கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே சாடிவிட்டார். இப்பகுதியைப் படித்தபோது, இது முந்நூறாண்டுக்கு முந்தைய அயல்நாட்டுச் செய்தி என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. வேலைக்கு மனுப்போடும் பருவத்திலுள்ள நண்பர்களுக்கும் எழாது.

கற்போருக்கு பாக் வகுத்த வழி என் போன்ற ஹார்மோனியக்காரனுக்கும் பயன்படக் கூடியது. தொடக்கத்திலே பல மாதங்கள் விரற்பயிற்சி மட்டும்தான். விரல்கள் வளைந்து கட்டைக்கு அருகிலேயே நிற்க வேண்டும். தேவைக்கு மேல் உயரலாகாது. கை அசைவதே தெரியக் கூடாது. அக்காலத்தார் பெருவிரலை எட்டாத சுரங்களுக்கு மட்டும் பயன்படுத்துவர். பாக் அதை மற்ற விரல்களுக்குச் சமமாக வேலை வாங்கினார். மாணவர் சலிப்புற்றால், அதே பயிற்சியைச் சிறு சிறு இனிய பாடல்களுக்குள் பொதிந்து எழுதித் தருவார். புதுப்பாடம் எதையும் முதலில் தாமே வாசித்துக் காட்டுவார். கெர்பர் என்ற மாணவருக்காக ஒரு பெரிய நூலை முழுமையாக மூன்று முறை வாசித்துக் காட்டினாராம். பல குரல்கள் சேர்ந்து செல்லும் இசையிலே ஒவ்வொரு குரலும் உரையாடலில் கலந்துகொள்ளும் ஒரு மனிதனைப் போல. பேசும்போது தெளிவாகப் பேச வேண்டும், சொல்ல ஒன்றுமில்லையேல் வாய்மூடியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

காலுக்கும் பயிற்சி வேண்டுமே! துருத்தி ஆட்களை நாள்தோறும் தேவாலயத்துக்கு அழைப்பது எளிதன்று. ஆதலால் மாணவர்கள் பெடல் பூட்டிய கிளாவிகார்டை வைத்து வீட்டிலேயே பழகினர். தொடக்க நிலை ஆர்கன் மாணவர்க்காக அவர் தொகுத்த சிறு நூலிலே, பெடல் இல்லாமல் எந்தப் பாடலையும் வாசிக்க முடியாதபடி அமைத்தார். 164 பாடல்களுக்குத் திட்டமிட்டு, 46 மட்டுமே எழுதினார். மூத்த மகன் பிரீடமனின் பயிற்சிக்கென ஆறு மூவிழைச் சொனாட்டாக்களையும் தந்தார். வலக்கைக்கு ஒரு குரல், இடக்கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. ஒன்று தடுமாறினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவற்றைப் பழகிய மகன் 1733இல் டிரெஸ்டன் நகரத்து ஆலயத்திலே பதவி பெற்றார்.

புது ஆர்கன்களைச் சோதிக்கவும் பாக்கை அழைப்பதுண்டு. எல்லாக் குமிழ்களையும் ஒருசேர இழுத்து முழு ஒலியிலே வாசிப்பது அவர் செய்யும் முதற் காரியம். நுரையீரல் நன்றாயிருக்கிறதா பார்க்க வேண்டும் என்பாராம் வேடிக்கையாக. செய்தவருக்கோ முகம் வெளுத்துவிடும்!

1723 முதல் லைப்சிக் நகரில் பாடகர் பள்ளிப் பொறுப்பிலே இருந்து, கண் அறுவைக்குப் பின் பார்வையிழந்து, 1750 ஜூலை 28ஆம் நாள் மறைந்தார். ரைன்கன் முன் அவர் வாசித்த கத்தரீன் ஆலயத்து ஆர்கன் 1943இல் குண்டுவீச்சிலே அழிந்தது. எஞ்சிய பழைய குழல்களையும் சேர்த்து 2013இல் அதை மீண்டும் எழுப்பினர். அவருக்குக் கிட்டாமற்போன யாக்கோபு ஆலயத்து ஆர்கனின் குழல்களைப் போர்க்காலத்திலே முன்கூட்டியே கழற்றிப் பாதுகாத்துவிட்டனர். 1993இல் செப்பனிடப்பட்ட அந்த ஆர்கனில் இன்று பாக்கின் இசையையும் வாசிக்கிறார்கள்.