தேசம் யாருடையது என்று கேட்ட வைத்தியர்

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு மருந்துக்கு வரிசையில் நிற்போருள் பலர் அவரை வைத்தியராக மட்டுமே அறிவர். தேசம் யாருடையது என்ற வழக்கைத் தொடுத்தவரும் அவரே.

1845இல் காத்தவராயனாகப் பிறந்து, தம் ஆசிரியரின் பெயரைத் தமக்குச் சூடிக்கொண்டார். 1881 குடிக்கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்டோரைப் பூர்வத் தமிழர் என்று பதியக் கோரினார். 1892இல் சென்னை மகாஜன சபையில் ஆலய நுழைவு, இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகியவற்றைக் கேட்டார். ஆலயக் கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர் வாழ்வு திசைமாறிய இடம் அதுவே என்பது நம் கணிப்பு. அதே ஆண்டில்தான் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நில ஆணையும் பிறந்தது. (அந்நிலங்களைத் தேடி நாம் இன்றும் நீதிமன்றப் படியேறுகிறோம்.)

1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். சுதேசியம் முழங்கிய அந்நாளில், சேரிக்குக் கிணற்று நீரை மறுப்போர் எவ்வாறு சுதேசிகள் ஆவர் என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் இந்நாட்டைப் புத்தரின் பூமியாகக் கண்டு, தீபாவளி, கார்த்திகை முதலிய பண்டிகைகளுக்கும் பௌத்த வேர் காட்டினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. ஆனால் வரலாறற்றவர் என்று ஒதுக்கப்பட்டோரை வரலாற்றின் உரிமையாளராக்கிய துணிவு அவருடையது. 1914 மே 5 அன்று மறையும்வரை அவ்விதழை நடத்தினார்.