வல்வெட்டித்துறையில் கட்டிய பழைய பாய்க்கப்பலை அமெரிக்கர் வாங்கியது ஏன்? யார் இந்த வில்லியம் ராபின்சன்?

1938 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கு ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. பாஸ்டன் பத்திரிகை அதைச் செய்தியாக்கியது. கப்பலின் பெயர் புளோரன்ஸ் சி. ராபின்சன். பெயர்தான் அமெரிக்கப் பெயர். கப்பலைக் கட்டிய இடம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. கட்டிய மரம் வேம்பு. அதில் வந்து இறங்கிய மாலுமிகளில் ஐந்து பேர் அதே ஊர்த் தமிழர்கள்.

அந்தக் கப்பலுக்கு ஊரில் வைத்த பெயர் அன்னபூரணி அம்மாள். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். சரக்கு ஏற்றி இறக்கி உழைத்த கப்பல். அதை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டி, அரபிக் கடலில் இருந்து அட்லாண்டிக் வரை கொண்டுபோக வைத்தவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். படகுப் பிரியர்கள் மத்தியில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் இது. நம்ம ஊரில் அவ்வளவாகப் பேசப்படாத பெயரும்கூட.

பொறியாளர் வேலை, கடல் மேல் கண்

ராபின்சன் பிறந்தது 1902-ல். படித்தது பொறியியல், வேலை பார்த்தது நியூயார்க்கில். மாதச் சம்பளம், நகர வாழ்க்கை எல்லாம் இருந்தது. மனசு மட்டும் கடல் பக்கம் இருந்தது.

அவரிடம் இருந்த படகின் நீளம் 32 அடி சொச்சம்தான். ஒரு நகரப் பேருந்தைவிடப் பெரிதில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்வாப். ஆங்கிலப் பெயர் போலத் தோன்றும், ஆனால் சமஸ்கிருதம். உறக்கம், கனவு என்று பொருள்.

1928 ஜூனில் பெர்முடா தீவு வரை போகும் பாய்ப்படகுப் பந்தயத்துக்கு என்று கிளம்பினார். பந்தயம் முடிந்ததும் வீடு திரும்பவில்லை. பனாமா கால்வாயைக் கடந்து பசிபிக்கில் இறங்கினார். டஹிட்டி தீவில் எட்டேரா என்ற உள்ளூர் மனிதர் கூடச் சேர்ந்துகொண்டார். இருவருமாகப் பசிபிக், இந்தியப் பெருங்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் என்று சுற்றி, 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினார்கள். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளிலேயே சின்னது ஸ்வாப்தான் என்று பேசப்பட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் மறு வருஷமே வெளியானது. 30 வயதுக்குள் அவர் பிரபலம்.

தேனிலவுப் பயணத்தில் வந்த ஆபத்து

1933-ல் ராபின்சனுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் புளோரன்ஸ் கிரேன். பைப், வால்வு, குளியலறைச் சாமான்கள் தயாரிக்கும் கிரேன் நிறுவனத்தின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண். தேனிலவுக்கு அதே ஸ்வாப் படகில் புறப்பட்டு, ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார்கள்.

1934-ல் அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்தது. டாக்டர் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, படகில் வயர்லெஸ்ஸும் கிடையாது. கிட்டத்தட்ட உயிர் போகும் நிலை. அந்தப் பக்கம் வந்த ஒரு மீன்பிடிக் கப்பலில் வயர்லெஸ் இருந்ததுதான் அதிர்ஷ்டம். தகவல் பறந்தது. பனாமா கால்வாய்ப் பகுதியில் இருந்து அமெரிக்க விமானங்களும், ஹேல் என்ற போர்க்கப்பலும் டாக்டர்களோடு வந்து சேர்ந்தன. அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார்.

ஆனால் படகு பிழைக்கவில்லை. உலகைச் சுற்றி வந்த ஸ்வாப்பை அங்கேயே விட்டுவிட்டுத்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. அது அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை. ஒரு தனி மனிதரைக் காப்பாற்ற அரசாங்கம் இத்தனை செலவு செய்யலாமா என்று இன்று கேட்பது போல அன்று யாராவது கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ராபின்சனுக்கோ வாழ்க்கை இரண்டாவது தடவை கிடைத்திருந்தது. கையில் படகுதான் இல்லை.

வல்வெட்டித்துறைக் கப்பலில் அப்படி என்ன இருந்தது?

இங்கேதான் அன்னபூரணி கதைக்குள் வருகிறாள்.

1930-களில் உலகம் முழுக்க நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களைத் துறைமுகங்களில் இருந்து துரத்திக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்த சில இடங்களில் ஒன்று பாக் நீரிணையின் இரு கரைகளும். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி, பர்மா என்று போய் வந்தன. அரிசி, ஓடு, மரம் எல்லாம் இவற்றில்தான் வந்தன.

இந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் ஓடாவிமார். காகிதத்தில் வரைபடம் போட்டுக் கட்டும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கண்ணளவும் கையளவும், அப்பாவிடம் பார்த்துப் பழகிய கணக்கும்தான். ஏரா என்கிற அடிக்கட்டையை முதலில் போட்டு, அதில் இருந்து விலா எலும்பு போல வங்குக்கால்களை எழுப்பி, பலகை அடித்து, பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்துப் பிசின் பூசுவார்கள். அந்த அடைப்பு வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். வேப்ப மரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் அனுபவம் இருந்தது. பூச்சி எளிதில் அண்டாத, கரையிலேயே கிடைக்கிற, வளைவான கிளைகள் உள்ள மரம் அது. கப்பல் விலாவுக்குத் தேவை வளைவுதான். நேர் மரத்தை வெட்டி வளைத்தால் நார் அறுந்துவிடும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரம் தாங்கும்.

ஸ்வாப்பை இழந்த ராபின்சன், இப்படி ஒரு கப்பலை வாங்கியதில் ஒரு லாஜிக் இருக்கிறது. அமெரிக்காவில் அதே அளவில் புதிதாக ஒன்றைக் கட்டுவது பெரும் செலவு. அதைவிட, அந்த மாதிரிக் கப்பலைக் கட்டத் தெரிந்த கைகள் மேற்கில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன.

பழைய படகு வாங்குவது எப்படிப்பட்ட சூதாட்டம்?

ஓசூர் பக்கம் பழைய லாரி வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். குனிந்து சேஸிஸைப் பார்ப்பார். பழைய மரப் படகும் அதே கதைதான். மேல்தளம் பளபளக்கும், வியாதி தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

வெப்பக் கடல்களில் மரக் கப்பலுக்கு முதல் எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். ஊசித் துளை அளவுக்கு உள்ளே நுழைந்து, பலகைக்குள்ளேயே குடைந்துகொண்டு போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் படகைக் கரையேற்றி, அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து, கத்தி முனையால் குத்திப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். அடுத்தது மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரை மரம் ஓரளவு தாங்கும். மேல்தளச் சந்துகளில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் மரத்தை உளுக்க வைக்கும். பிறகு பாய், கயிறு, நங்கூரம். ஒவ்வொன்றும் தனிச் செலவு.

படகின் விலை வெறும் ஆரம்பம்தான் என்பதற்கு ராபின்சனுக்கு முந்தைய தலைமுறையில் ஒரு பிரபல உதாரணம் உண்டு. உலகை முதன்முதலில் தனியாகச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம், தன் ஸ்பிரே படகைச் சும்மா வாங்கினார். வயலில் கிடந்த பழைய படகு, ஒரு நண்பர் கொடுத்தது. அதைத் தேற்ற அவருக்கு 13 மாதமும் 553 டாலரும் சொச்சமும் ஆனது. 1895-ல் கிளம்பி 1898-ல் சுற்றி முடித்தார். அதே படகில் பிற்காலத்தில் குளிர் மாதங்களில் மட்டும் தெற்கே போய் வந்தார். 1909-ல் அப்படிப் போனவர் திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஸ்பிரே பராமரிப்பு இல்லாமல் நைந்துபோயிருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்தில் சில மாதம் மட்டும் ஓடும் படகுக்கு இதுதான் பிரச்னை. ஓடாத மாதங்களிலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும்.

தமிழ் மாலுமிகளின் அட்லாண்டிக்

அன்னபூரணியை வாங்கியபோது ராபின்சனுக்குக் கப்பல் மட்டும் கிடைக்கவில்லை. அதன் குணம் தெரிந்த மனிதர்களும் கூடவே வந்தார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை இறக்க வேண்டும், எங்கே தண்ணீர் கசியும் என்பது எழுதி வைத்த விஷயம் இல்லை. தண்டையல் தலையில் இருக்கும். வல்வெட்டித்துறையில் கப்பலை நடத்துபவரைத் தண்டையல் என்பார்கள். அமெரிக்கா வரை போன குழுவிலும் ஒரு தண்டையல் இருந்தார்.

அரபிக் கடலைத் தாண்டி ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அங்கிருந்து அட்லாண்டிக், பெர்முடா, கடைசியில் குளோஸ்டர். வங்கக் கடலில் அரிசி ஏற்றிப் போகக் கட்டிய கப்பல் இது. புயலில் சிக்கியும் வந்து சேர்ந்தது. சமாளித்தவர்கள் அந்த மாலுமிகள். ஆனால் படகு வரலாற்றைப் பேசும் மேற்கத்திய எழுத்துகளில் ராபின்சன் பெயர் வரும் அளவுக்கு இவர்கள் பெயர் வருவதில்லை. கப்பலின் பழைய பெயரே அங்கே ஒரு அடிக்குறிப்புதான். கொஞ்சம் உறுத்துகிற விஷயம் இது.

மாலுமி முதலாளி ஆன கதை

இந்தக் காலத்தில் ராபின்சன் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச் ஊரில் கப்பல் கட்டும் தளம் வைத்திருந்தார். அதே 1938-ல் அங்கே ஸ்விஃப்ட் ஆஃப் இப்ஸ்விச் என்ற பாய்க்கப்பல் உருவானது. 18-ம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் மாதிரி அது. பின்னாளில் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் கேக்னி அதை வாங்கினார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் தளம் கடற்படைக்கு வேலை செய்தது. சுற்றுலாப் படகு கட்டிய இடத்தில் போர்க்காலக் கலங்கள் வரிசையாக இறங்கின. இதற்கு நடுவிலும் தனக்காக ஒன்று கட்டிக்கொண்டார். 1942-ல் நீரில் இறங்கிய அந்த 70 அடிக் கப்பலின் பெயர் வருவா. டஹிட்டி மொழியில் ஆன்மா என்று அர்த்தம். இந்தத் தடவை பழையது வாங்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அதற்குள் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

போர் முடியும் சமயம், 1945-ல், வருவாவில் டஹிட்டிக்குப் புறப்பட்டார். புளோரன்ஸுடனான மண வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது. கப்பல் தளத்தையும் விட்டுவிட்டார். வருவாவில் தென் பசிபிக்கின் பயங்கரமான புயல் பகுதி வழியாகத் தென் அமெரிக்காவுக்குப் போன பயணத்தை 1956-ல் புத்தகமாக எழுதினார். புயலைப் பற்றிய அந்தப் பக்கங்களை நீண்ட தூரப் படகோட்டிகள் இன்றும் பாடம் போலப் படிக்கிறார்கள்.

யானைக்கால் நோய்க்கு எதிராக

டஹிட்டியில் அவர் செய்த வேலை, கடலைவிடப் பெரிது என்றுகூடச் சொல்லலாம். அந்தத் தீவுகளில் யானைக்கால் நோய் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது. கொசுவால் பரவுவது, கும்பகோணம் பக்கம் பழைய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். அமெரிக்க விஞ்ஞானிகளையும் பிரெஞ்சு நிர்வாகத்தையும் சேர்த்து ஒரு மருத்துவ ஆய்வு மையம் அங்கே உருவாக ராபின்சன் முக்கியக் காரணமாக இருந்தார். மையத்தின் இன்றைய பெயர் லூயி மலார்டே நிலையம். கொசு ஒழிப்போடு டி.இ.சி. மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுக்கும் முறை அங்கே நடந்தது. தமிழ்நாட்டிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதே மாத்திரை.

டைஆரோ என்ற சின்னப் பவளத்தீவு ஒன்றும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. தென்னை போட்டு வருமானம் பார்த்திருக்கலாம். அவர் அதை இயற்கைக் காப்பகமாக ஆக்கச் சம்மதித்தார். 1977-ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. டஹிட்டியிலேயே வாழ்ந்து மறைந்த ராபின்சனின் பெயர் அந்தத் தீவின் காப்பகத்துக்கு வைக்கப்பட்டது. வல்வெட்டித்துறைக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரைவிட முதலில் வருவது அன்னபூரணி. அமெரிக்கா போன கப்பல் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.