எடிசனின் வரைபடத்துக்கு உருக்கொடுத்த ஜோன் குரூசி

மாணவர்களே, போனோகிராப் எனும் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர் யார் எனக் கேட்டால், தோமஸ் அல்வா எடிசன் என உடனே விடையளிப்பீர்கள். விடை சரியே. எனினும், அக்கருவியைச் செய்து முடித்தவர் யார் எனச் சிந்தித்ததுண்டா? அவரே ஜோன் குரூசி.

இவர் 1843 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பூட்டுச் செய்யும் தொழிலைப் பயின்ற இவர், வேலை தேடி ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்குச் சென்று, 1870 இல் ஐக்கிய அமெரிக்காவை அடைந்தார். நீங்கள் நன்கறிந்த சிங்கர் தையல் இயந்திரக் கம்பனியில் வேலை செய்தபின் எடிசனிடம் சேர்ந்தார். 1876 இல் எடிசன் மென்லோ பார்க்கில் ஆய்வுகூடம் அமைத்தபோது, அதன் இயந்திரப் பட்டறைக்குக் குரூசியே பொறுப்பாளரானார்.

எடிசன் தமது எண்ணங்களை அவசரமாகக் கீறிக் கொடுப்பார். அவற்றைப் புரிந்துகொண்டு, இயங்கும் கருவியாக மாற்றுவது குரூசியின் பணி. 1877 டிசம்பர் முதல் வாரத்தில் அவர் தவாளிப்புக் கொண்ட உருளையொன்றைச் செய்து முடித்தார். அதன்மீது வெள்ளீயத் தாள் சுற்றப்பட்டது. பேசும்போது மெல்லிய தகடு அதிர, அதனோடு இணைந்த ஊசி தாளில் பள்ளங்களை இட்டது. ஊசி மீண்டும் அதே வழியில் சென்றபோது, எடிசன் சொன்ன சிறுவர் பாடல் திரும்ப ஒலித்தது. கருவியைச் செய்த குரூசியே திகைத்து நின்றார்.

1878 பெப்ரவரியில் இதற்கான காப்புரிமை எடிசனின் பெயரிலேயே வழங்கப்பட்டது. குரூசியோ அடுத்த வேலையில் இறங்கினார். நியூயோர்க் நகரில் மின்சாரம் வழங்க, செப்புக் கம்பிகளை இரும்புக் குழாய்களினுள் வைத்து நிலத்தடியில் பதிக்கும் பணியை வழிநடத்தினார். 1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி அங்கு மின்விளக்குகள் ஒளிர்ந்தன. பிற்காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் தலைமை இயந்திரப் பொறியியலாளராக உயர்ந்த இவர், 1899 இல் காலமானார்.

மாணவர்களே, ஒரு கண்டுபிடிப்புக்குச் சிந்தனையைப் போலவே கைத்திறனும் வேண்டும். எடிசனைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது குரூசிக்கும் ஒரு பந்தி ஒதுக்குங்கள். உங்கள் விடை மேலும் முழுமை பெறும்.