முன்சீப் வேலையும் முதல் நாவலும்

கதை எழுதணும், பாட்டுக்கு மெட்டுப் போடணும், ஷார்ட் பிலிம் எடுக்கணும்னு உங்க மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொரு பக்கம் பிளேஸ்மென்ட், கல்விக் கடன், வீட்டு நிலைமை. கருக்களாச்சேரி மாதிரி கடற்கரை ஊர்ல இருந்து படிக்க வர்றவங்களுக்கு இது இன்னும் கனமான விஷயம். அப்பா கடலுக்குப் போய் சம்பாதிச்ச காசுதான் காலேஜ் பீஸ். குடும்பத்துலயே முதல் டிகிரி உங்களோடதா இருக்கும்.

இந்த நேரத்துல ரெண்டு அறிவுரை இலவசமா கிடைக்கும். வேலையெல்லாம் வேண்டாம், மனசு சொல்றதைச் செய்யுங்கறது ஒண்ணு. கலையெல்லாம் சோறு போடாது, அதை ஓரமா வைங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் கேட்காம வாழ்ந்து காட்டிய ஒருத்தர் நம்ம பக்கத்து ஊர்லயே இருந்திருக்கார்.

அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். தமிழின் முதல் நாவல் எது, எழுதியவர் யார்? ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வியா படிச்சிருப்பீங்க. பிரதாப முதலியார் சரித்திரம், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. எழுதிட்டு ஒரு மார்க் வாங்கியிருப்பீங்க, பிறகு மறந்திருப்பீங்க. இசையமைப்பாளரும் நடிகருமான விஜய் ஆண்டனி இவருடைய வம்சத்தில் வந்தவர்னு சொன்னா, ஒருவேளை இனிமே மறக்க மாட்டீங்க.

நண்டலாறுக்கு அந்தப் பக்கம்

வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826-இல், திருச்சி பக்கத்துக் குளத்தூரில். கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் படித்தார். படிப்பு முடிந்ததும் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் வேலை கிடைத்தது. இன்னைக்கு நாம பைல் பார்க்கிற வேலைன்னு சொல்வோமே, அதுதான். அங்கிருந்து மொழிபெயர்ப்பாளர் ஆனார். தேர்வு எழுதி முன்சீப் பதவிக்கு வந்தார். உரிமையியல் வழக்குகளை விசாரிக்கிற, மக்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற நீதிபதிதான் முன்சீப்.

1857-இல் அவர் முன்சீப்பாக வந்து உட்கார்ந்த ஊர் தரங்கம்பாடி. காரைக்காலில் பஸ் ஏறி, நண்டலாற்றைத் தாண்டி, பொறையாறு வழியா போனா கொஞ்ச நேரத்துல வர்ற அதே தரங்கம்பாடிதான். அன்னைக்கு நண்டலாறுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. அந்தப் பக்கம், டேனிஷ்காரர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற ஊர். அதற்குப் பிறகு சீர்காழியில் வேலை பார்த்தார். கடைசியாக மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. அங்கே மட்டும் சுமார் 13 ஆண்டுகள். ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

கோர்ட் நேரம் போக மீதி நேரம்

முன்சீப் வேலை சும்மா கிடையாது. நிலத் தகராறு, கடன், பாகப்பிரிவினைன்னு நாள் முழுக்க சாட்சி கேட்கணும், தீர்ப்பு எழுதணும். அதோட அவர் இலக்கியத்தையும் விடவில்லை. தரங்கம்பாடியில் இருந்த காலத்திலேயே, 1859-இல், நீதிநூல் அச்சில் வந்தது. லஞ்சம் வாங்குவதைக் கண்டித்து அதில் பாடல்கள் உண்டு. இதை எழுதியவர் தினமும் ஒரு அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்பதை நினைச்சுப் பாருங்க. பெண்கள் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தும் பெண்மதிமாலை வந்தபோதும் அவர் பதவியில்தான் இருந்தார்.

என்னைக் கேட்டா, இன்ஜினியரிங் படிக்கிற நாம கவனிக்க வேண்டியது இன்னொரு புத்தகம். மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரை வந்த முக்கியத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார் வேதநாயகம் பிள்ளை. சித்தாந்த சங்கிரகம் என்பது அதன் பெயர். சட்டம் ஒரு மொழியில், வழக்காடுகிறவன் வேறொரு மொழியில் என்றால் ஏமாறப்போவது யார்னு அவருக்குத் தெரியும். தன் எதிரே கைகட்டி நிற்கிற விவசாயிக்கு என்ன நடக்குதுன்னு புரியணும் என்பதற்காகச் செய்த வேலை அது. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் ஓங்க வேண்டும் என்ற வாதத்தைப் பின்னால் நாவலுக்குள்ளேயும் கொண்டுவந்தார்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோணுறது இதுதான். வேலை அவருடைய எழுத்தைத் தின்னுடலை. எழுத்துக்கு விஷயம் கொடுத்ததே அந்த வேலைதான். செய்யுளே இலக்கியம்னு இருந்த காலத்தில், உரைநடையில் ஒரு நீண்ட கதையை எழுதலாம் என்ற துணிச்சல் அவருக்கு வந்ததில், தீர்ப்பு எழுதிப் பழகிய கைக்கும் பங்கு இருக்கும். இது என் கணிப்புதான்.

யாரோடு பழகினார்

பெரிய கலைஞன்னா கொஞ்சம் திமிரா, கூட இருக்கிறவங்களை மதிக்காமதான் இருப்பான் என்று ஒரு நினைப்பு நம்மகிட்ட உண்டு. குரூப் புராஜெக்ட்டில்கூட பார்க்கலாம். நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தன் மத்தவங்களை எடுத்தெறிஞ்சு பேசுவான், நாமளும் அவன் திறமைசாலின்னு பொறுத்துப்போவோம்.

வேதநாயகம் பிள்ளை பழகியவர்களைப் பாருங்க. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நெருங்கிய நண்பர். பழுத்த சைவரான அவர், கிறிஸ்தவரான இவர்மேல் குளத்துக்கோவை என்று ஒரு நூலே பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும் நட்பு. தேசிகரைப் புகழ்ந்து இவர் பாடல்கள் எழுதினார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இன்னொரு நண்பர். அந்த நூல் அச்சேற உதவியவர் நம்ம காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. மதம், சாதி, பதவி எதுவும் இந்த நட்புகளுக்கு நடுவில் வரவில்லை.

தாது வருஷம்

1872-இல் முன்சீப் வேலை முடிவுக்கு வந்தது. வயது 46. பிறகு மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். கோர்ட் இல்லை, இனி எழுத நேரம் இருக்கும். நம்மில் பலரும் காத்திருக்கிற காலம் இதுதானே?

அப்போதுதான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். காவிரித் தண்ணீர் இருந்த தஞ்சைப் பகுதியிலும் விலை ஏறியது. பிழைக்க வழி தேடி ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தக் காலத்தில் ரீயூனியன் தீவு, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்கள் நம்ம காரைக்காலில் இருந்தும் கிளம்பின.

வேதநாயகம் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்காரவில்லை. தன் கைப்பொருளைச் செலவழித்து, பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். அதைக் கண்ணால் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். தெய்வத்தைப் பாடிப் பழகியவர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு அதிகாரியைப் பாடியிருக்கிறார்.

பஞ்சத்தோடு எழுத்தும் நிற்கவில்லை. 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தது. எந்த மதத்துக்காரரும் பாடக்கூடிய பாட்டுகள். பஞ்சத்தின் தவிப்பும் அதில் உண்டு. அடுத்த ஆண்டே, 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம். கடைசி நாவல் சுகுணசுந்தரி 1887-இல் வந்தது. 1889-இல் காலமானார்.

கணக்குப் பார்த்தால்

முதல் நாவல் அச்சில் வந்தபோது அவருக்கு 50 தாண்டிவிட்டது. மொத்தமே ரெண்டு நாவல்தான். வேலை இல்லாம இருந்திருந்தா இன்னும் நிறைய எழுதியிருப்பாரோ? இருக்கலாம். அந்த இழப்பு உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. இன்னொண்ணு, ஆங்கிலப் படிப்பும் அரசாங்கச் சம்பளமும் அவருக்கு இருந்தது. வீட்டுக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கிற ஒருத்தரிடம் அவரை மாதிரி இருன்னு சொல்றது நியாயம் இல்லை.

ஆனா ஒரு விஷயத்துக்குச் சம்பளமும் வசதியும் தேவையில்லை. எழுதுறதுக்காக வீட்டை மறக்கிறது, வேலைக்காக எழுத்தை மறக்கிறது, ரெண்டுக்கும் நடுவுல கூட இருக்கிறவங்களை மறக்கிறது, இந்த மூணையும் அவர் செய்யலை. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற மாசத்துலயும் ராத்திரி அரைப் பக்கம் எழுதலாம். உங்க ஷார்ட் பிலிமுக்கு கேமரா பிடிச்ச நண்பனோட பெயரை டைட்டிலில் ஒழுங்கா போடலாம். ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையன் சாப்பிடாம படுத்திருந்தா, எழுதுறதை மூடி வச்சிட்டு எழுந்து போகலாம்.

பிரதாப முதலியார் சரித்திரத்துக்குக் காப்புரிமை முடிஞ்சு ரொம்ப காலமாச்சு, நெட்டில் இலவசமாவே கிடைக்குது. அதில் வர்ற ஞானாம்பாள், ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆண்டு காட்டுவாள். செமஸ்டர் லீவில் முதல் நாலு அத்தியாயம் மட்டும் படிச்சுப் பாருங்க. 140 வருஷத்துக்கு முந்தின புத்தகம்தான், ஆனா பல இடத்துல சத்தமா சிரிப்பீங்க.